சப்வூஃபர் வாங்கும் முன் ஹாலை அளந்து பாருங்கள்

வேலூர் அண்ணா சாலையிலோ காட்பாடி ரோட்டிலோ ஒரு ஷோரூமுக்குள் போய், கனத்த ஒலிக்கென்றே தனியாக வைக்கும் ஸ்பீக்கர் பெட்டியான சப்வூஃபர் வேண்டும் என்றால், பேச்சு இரண்டே கேள்வியில் முடிந்துவிடும்: எத்தனை இன்ச், எத்தனை வாட்ஸ்? 12 இன்ச் என்றால் 8 இன்ச்சைவிட உசத்தி, 500 வாட்ஸ் என்றால் 200-ஐவிட உசத்தி. வீட்டுக்குக் கொண்டுவந்து வைத்த பிறகுதான் வம்பு தொடங்கும். ஒரு பாட்டில் ஜன்னல் அதிரும், அடுத்த பாட்டில் பேஸ், அதாவது கனத்த ஒலி, இருக்கிற இடமே தெரியாது. சோபாவில் உட்கார்ந்தால் ஒன்றுமில்லை, சமையலறை வாசலில் நின்றால் நெஞ்சில் இடிக்கும். பழி பெட்டிமேல் விழும். பெரும்பாலும் பெட்டியில் குறை இருக்காது. அந்த ஹாலுக்கும் அங்கே ஏற்கெனவே இருக்கும் ஸ்பீக்கருக்கும் அது பொருந்தவில்லை, அவ்வளவுதான்.

அறை எப்படி, ஸ்பீக்கர் எதுவரை இறங்கும், ஸ்பீக்கரை ஓட்டும் ஆம்ப்ளிஃபயரில் (ஆம்ப்) எந்த இணைப்பு இருக்கிறது: இந்த மூன்றுக்கும் பதில் தெரிந்த பிறகு கேட்க வேண்டியது இன்ச் கணக்கு. வாட்ஸ் அதற்கும் பின்னால்.

சப்வூஃபரின் வேலை என்ன?

குடியாத்தம் கெங்கையம்மன் திருவிழா மாதிரி நாட்களில், நாலு தெரு தள்ளி இருக்கிறவருக்குப் பாட்டின் வரி காதில் விழாது. பம்பையும் மேளமும் போடும் ‘தும் தும்’ மட்டும் வந்துகொண்டே இருக்கும். கீச்சென்ற ஒலியை வழியில் இருக்கிற சுவரும் மரமும் தடுத்துவிடும். கனத்த ஒலி கட்டடங்களைச் சுற்றி வளைந்து வந்து சேரும்.

ஒலி என்பது காற்றின் அதிர்வு. நொடிக்கு எத்தனை முறை அதிர்கிறது என்ற எண்ணுக்கு ஹெர்ட்ஸ் என்று பெயர். மனிதக் காது கேட்பது 20 முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரை. ஆண் குரலின் அடித்தளம் 100 ஹெர்ட்ஸ் சுற்றுவட்டாரம். பேஸ் கிட்டாரின் கடைசிக் கம்பி 41 ஹெர்ட்ஸ், பியானோவின் இடது ஓரக் கட்டை 27.5. சப்வூஃபருக்கு ஒதுக்கப்பட்ட இடம் கீழே 20-லிருந்து ஏறக்குறைய 80 வரை, சில செட்டுகளில் 120 வரை. குரல், வயலின், நாதஸ்வரம் எதுவும் அதன் வழியாக வரக் கூடாது. வந்தால் செட்டிங் தவறு.

இதற்கெனத் தனிப் பெட்டி ஏன் என்றால், கீழே இறங்க இறங்கத் தள்ள வேண்டிய காற்றின் அளவு தாறுமாறாக ஏறும். 40 ஹெர்ட்ஸில் எழுப்பிய அதே சத்தத்தை 20 ஹெர்ட்ஸில் எழுப்ப நான்கு மடங்கு காற்றைத் தள்ள வேண்டும். அதற்கு ஸ்பீக்கரின் முகத்தில் அதிரும் கூம்பான கோன் (கடையில் சொல்லும் இன்ச் இதன் விட்டம்தான்) அகலமாக இருக்க வேண்டும், இல்லையென்றால் முன்னும் பின்னும் அதிக தூரம் போய்வர வேண்டும். ஷெல்ஃபில் வைக்கும் ஸ்பீக்கரின் 5 இன்ச் கோனால் இரண்டும் முடியாது.

நம் ஊரில் பலர் ‘நல்ல பேஸ்’ என்று சொல்வது 80-லிருந்து 120 ஹெர்ட்ஸுக்குள் ஒரு மேடு தட்டியிருக்கும் சத்தம். விலை குறைந்த 4.1 செட்டுகளில் வரும் அந்த ‘டொம் டொம்’ எல்லாப் பாட்டிலும் ஒரே சுருதியில் இடிக்கும். உண்மையான பேஸ் பாட்டுக்குப் பாட்டு மாறும். பேஸ் இல்லாத பாட்டில் சப்வூஃபர் சும்மா இருக்கும், இருக்கவும் வேண்டும்.

இதுவரை பார்த்தது: சப்வூஃபர் மிகத் தாழ்ந்த அதிர்வுகளுக்கு மட்டும். அங்கே சத்தம் எழுப்ப நிறையக் காற்றைத் தள்ள வேண்டும். எல்லாப் பாட்டிலும் ஒரே மாதிரி இடித்தால் அது பேஸ் ஆகாது.

பாதி சத்தத்தை அறைதான் போடுகிறது

வீட்டுச் சிமென்ட் தொட்டியில் பாதி தண்ணீர் விட்டு, ஒரு ஓரத்தில் கையை வைத்துத் தாளம் தவறாமல் தள்ளிப் பாருங்கள். ஏதோ ஒரு வேகத்தில் தண்ணீர் இரண்டு ஓரத்திலும் மாறி மாறி ஏறி இறங்கும். நடுவில் மட்டம் அப்படியே நிற்கும். தள்ளும் வேகத்தை மாற்றினால் அந்த ஆட்டம் குலைந்துவிடும். நீளமான தொட்டியில் மெதுவாகத் தள்ள வேண்டும், குட்டையான தொட்டியில் வேகமாக.

அறைக்குள் இருக்கும் காற்றும் இதையே செய்கிறது. ஒவ்வொரு அறைக்கும் சில ஹெர்ட்ஸ்களில் காற்று இப்படி ஊசலாடும். இதற்கு ரூம் மோட் என்று பெயர். அந்த ஹெர்ட்ஸில் சுவரோரம் சத்தம் பெருத்துக் கேட்கும், அறையின் நடுவில் ஏறக்குறைய காணாமல் போகும். சோபாவில் பேஸ் இல்லை, வாசலில் இடிக்கிறது என்ற புகாருக்குக் காரணம் இதுதான்.

கணக்கு சுலபம். 565-ஐ அறையின் நீளத்தால், அடியில், வகுத்தால் முதல் மோட் கிடைக்கும். 16 அடி நீளம் என்றால் 35 ஹெர்ட்ஸ். 12 அடி என்றால் 47. 10 அடி என்றால் 56 அல்லது 57. அகலத்துக்கும் உயரத்துக்கும் தனித்தனியாக இதே கணக்கு. மூன்று எண்களும் விலகி விலகி இருந்தால் தொல்லை பரவிவிடும். ஒன்றாக விழுந்தால் அந்த ஒரு ஹெர்ட்ஸில் அறை ஊளையிடும். நம் பக்கத்து வீடுகளில் 10-க்கு 10 அறை சகஜம், தளமும் தரையிலிருந்து 10 அடி. மூன்று பக்கமும் ஒரே எண்: 56.5. மேற்கத்திய இசையில் ‘ஏ’ சுரத்தின் ஒரு தாழ்ந்த ஸ்தாயி 55 ஹெர்ட்ஸில் இருக்கிறது. அந்தச் சுரத்தில் பேஸ் கிட்டார் வாசிக்கும் பாட்டெல்லாம் அந்த அறையில் வீங்கும். ஹோம் தியேட்டருக்கு அறை ஒதுக்கும்போது கன சதுரமான அறையை விட்டுவிட்டு, 11-க்கு 15 மாதிரி நீள அகலம் வேறுபட்ட அறையை எடுங்கள்.

இன்னொன்று, வெளிநாட்டு வீடியோ பார்த்து வாங்குகிறவர்கள் கவனிக்காதது. அமெரிக்க வீடுகளில் பெரும்பாலும் சுவர் என்பது மரச் சட்டத்தில் அடித்த ஜிப்சம் பலகை. தாழ்ந்த ஒலி பட்டால் அந்தப் பலகை லேசாக நெளியும், ஒலியில் ஒரு பங்கு அந்த நெளிவிலேயே கரையும். நம்முடையது 9 இன்ச் செங்கல் சுவர், மேலே சிமென்ட் பூச்சு, கான்கிரீட் தளம், டைல்ஸ் தரை. எதுவும் நெளியாது. போட்ட பேஸ் எல்லாம் அறைக்குள்ளேயே திரும்பத் திரும்ப வரும். ஆகவே அதே அளவு அறைக்கு அவர்கள் சொல்வதைவிட ஒரு படி சிறிய சப்வூஃபரே இங்கே போதும், ஆனால் மேடு பள்ளம் இங்கே கூடுதல். திரைச்சீலையும் சுவரில் ஒட்டும் 2 இன்ச் ஃபோமும் இதற்கு உதவாது. 40 ஹெர்ட்ஸ் ஒலியின் ஓர் அலை 8.6 மீட்டர் நீளம், 2 இன்ச் ஃபோம் இருப்பதே அதற்குத் தெரியாது. மொட்டை மாடியில் தகரக் கூரை போட்ட அறை என்றால் கதை தலைகீழ்: பேஸ் வெளியே ஓடிவிடும், கூரை தகரம் கூடவே பாடும்.

அளவுக்கு வருவோம். நீளம், அகலம், உயரம் மூன்றையும் அடியில் பெருக்குங்கள். கதவில்லாமல் ஹாலோடு திறந்திருக்கும் டைனிங், மாடிப்படி எல்லாவற்றையும் சேர்த்துக்கொள்ள வேண்டும், காற்றுக்கு அங்கே எல்லை இல்லை. 1,200 கன அடி வரை, அதாவது 10-க்கு 12 அறை, 8 இன்ச் அல்லது 10 இன்ச் போதும். 2,000 வரை நல்ல 10 இன்ச், சினிமா அதிகம் பார்த்தால் 12. 3,000-ஐத் தாண்டிய திறந்த ஹாலுக்கு 12 இன்ச், அல்லது அதைவிட நல்லது, இரண்டு 10 இன்ச்.

இரண்டு சிறியது ஒரு பெரியதைவிட மேல் என்பதைக் கடையில் யாரும் வலியுறுத்த மாட்டார்கள். இரண்டு இடத்திலிருந்து பேஸ் வரும்போது ஒன்று விட்ட பள்ளத்தை மற்றது ஓரளவு நிரப்பும். மூன்று பேர் உட்காரும் சோபாவில் மூவருக்கும் ஏறக்குறைய ஒரே பேஸ் கிடைக்கும்.

சுருக்கம்: அறையின் நீள, அகல, உயரமே எந்த ஹெர்ட்ஸ் வீங்கும், எது காணாமல் போகும் என்று தீர்மானிக்கிறது. செங்கல் வீட்டில் அந்த விளைவு பலமாகவே இருக்கும். மொத்தக் கன அடி எவ்வளவோ, அதற்கேற்ற இன்ச்.

ஸ்பீக்கர் விடும் இடத்தில் சப்வூஃபர் பிடிக்க வேண்டும்

எந்த ஹெர்ட்ஸுக்குக் கீழே சப்வூஃபர், எதற்கு மேலே ஸ்பீக்கர் என்று வேலையைப் பிரிக்கும் இடம் கிராஸ்ஓவர். அது திடீரென்று வெட்டும் கோடு கிடையாது. இரண்டும் கொஞ்ச தூரம் சேர்ந்தே ஓடும் சரிவு. அதனால் ஸ்பீக்கர் முற்றிலும் களைத்துப்போகும் இடத்தில் வைக்காமல், அதற்குச் சற்று மேலேயே வைக்க வேண்டும்.

5 இன்ச் கோன் உள்ள புக்ஷெல்ஃப் ஸ்பீக்கர் பெரும்பாலும் 55, 60 ஹெர்ட்ஸ் வரை இறங்கும். கிராஸ்ஓவர் 80 வையுங்கள். 80 என்பது சினிமா ஒலிக்கான டி.எச்.எக்ஸ். தரநிர்ணயமும் பயன்படுத்தும் எண். அதற்குக் கீழே ஒலி எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று காதால் எளிதில் பிரித்தறிய முடியாது, ஆகவே சப்வூஃபர் ஹாலின் எந்த மூலையிலும் இருக்கலாம். தரையில் நிற்கும் டவர் ஸ்பீக்கருக்கு 60 போதும், ஆனாலும் 80 வைத்தால் கெடுதல் இல்லை.

சிக்கல் உள்ளங்கை அளவு சாட்டிலைட் ஸ்பீக்கரில்தான். 3 இன்ச் கோன் 120, 150 ஹெர்ட்ஸிலேயே கைவிட்டுவிடும். கிராஸ்ஓவரை அங்கே ஏற்ற வேண்டும், ஏற்றினால் ஆண் குரலின் கனம் சப்வூஃபர் வழியாக வரும், காது உடனே திசையைக் கண்டுபிடித்துவிடும். சப்வூஃபர் சோபாவுக்குப் பின்னால் இருந்தால், டிவியில் பேசுகிறவர் அங்கிருந்து பேசுவார். இந்த ஸ்பீக்கர் இருப்பவர்கள் சப்வூஃபரை டிவி ஸ்டாண்டுக்குப் பக்கத்திலேயே வைக்க வேண்டும். அது 150 ஹெர்ட்ஸ் வரை ஒழுங்காகப் பாடும் சிறிய கோனாகவும் இருக்க வேண்டும். இந்த செட்டுக்குப் பெரிய 15 இன்ச் வாங்குவது வீண் செலவு. அந்தக் காசில் முன் ஸ்பீக்கர் இரண்டை மாற்றினால் முழு செட்டும் தேறும்.

பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள்

ஏ.வி. ரிசீவர், அதாவது டிவியின் ஒலியை வாங்கி எல்லா ஸ்பீக்கருக்கும் பிரித்துக் கொடுக்கும் ஆம்ப், இருந்தால் பின்னால் சப்வூஃபர் ப்ரீ-அவுட் என்று ஒரு வட்டமான ஆர்.சி.ஏ. துளை இருக்கும். அங்கிருந்து ஒரு கேபிள், சப்வூஃபரில் எல்.எஃப்.இ. என்று எழுதிய துளைக்கு. 5.1-ல் அந்த ‘.1’ என்பது சினிமாக்காரர்கள் கனத்த ஒலிக்கென்று தனியாக ஒதுக்கும் தடம். அதன் பெயர்தான் எல்.எஃப்.இ. இப்படி இணைத்தால் கிராஸ்ஓவர் வேலையை ரிசீவர் பார்த்துக்கொள்ளும், சப்வூஃபரின் பின்னால் உள்ள கிராஸ்ஓவர் திருகைக் கடைசி வரை ஏற்றிவிட வேண்டும். நடுவில் விட்டால் இரண்டு வடிகட்டி ஒன்றன்மேல் ஒன்று விழுந்து நடுவில் ஒரு பள்ளம் தோன்றும். அடிக்கடி நடக்கும் தவறு இது.

பழைய ஸ்டீரியோ ஆம்ப்பில் ப்ரீ-அவுட் இருக்காது. அப்போது ஸ்பீக்கர் ஒயரையே வாங்கிக்கொள்ளும் ஹை-லெவல் இன்புட் உள்ள சப்வூஃபர் பார்த்து வாங்குங்கள். இங்கே ரிசீவர் உதவி இல்லாததால் சப்வூஃபரின் திருகே கிராஸ்ஓவர். சவுண்ட்பார் வைத்திருப்பவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும்: கூட வந்த வயர்லெஸ் சப்வூஃபர் அந்த பாரோடு மட்டும் பேசும், வேறு பெட்டியைச் சேர்க்கப் பெரும்பாலான பார்களில் வழியே இல்லை. பழைய 5.1 செட்டிலிருந்து கழற்றிய சப்வூஃபரிலும் பெரும்பாலும் ஆம்ப் இருக்காது. ப்ரீ-அவுட்டில் செருகினால் சத்தமே வராது.

வெளிநாட்டிலிருந்து உறவினர் கொண்டுவரும் பெட்டி என்றால், பின்னால் அச்சிட்டிருக்கும் வோல்டேஜைப் படியுங்கள். அமெரிக்கப் பெட்டி 120 வோல்ட்டுக்கு மட்டும் செய்தது என்றால் நம் 230-ல் செருகிய நொடியில் ஆம்ப் போய்விடும்.

மூடிய பெட்டி, துளைப் பெட்டி

சீல்டு என்பது முழுக்க மூடிய பெட்டி. போர்ட்டட் என்பது காற்று போய்வரக் குழாய் வைத்தது. அந்தக் குழாய் தான் டியூன் செய்யப்பட்ட ஹெர்ட்ஸின் பக்கத்தில் கோனுக்குக் கை கொடுக்கும், அதே வாட்ஸுக்குச் சத்தம் கூடும். டியூனுக்குக் கீழே போனால் செங்குத்தாக விழும். சீல்டு பெட்டி முன்கூட்டியே இறங்கத் தொடங்கும், ஆனால் மெதுவாக இறங்கும். சிறிய அறையோ மிகத் தாழ்ந்த ஒலியைத் தானே கொஞ்சம் தூக்கிக் கொடுக்கும். அதனால் 10-க்கு 12 செங்கல் அறைக்கு சீல்டு அழகாகப் பொருந்தும், இடமும் குறைவாக அடைக்கும். பெரிய திறந்த ஹாலில் சினிமா என்றால் போர்ட்டட். அதன் குழாய் வாயைச் சுவரோடு ஒட்டி அடைத்துவிடாதீர்கள், குழாயின் விட்டம் அளவுக்காவது இடைவெளி வேண்டும்.

அட்டையில் இருக்கும் எண்கள்

அட்டையில் பெரிதாகப் போட்டிருக்கும் பி.எம்.பி.ஓ. வாட்ஸைப் படிக்கவே வேண்டாம். அதை அளக்க ஒப்புக்கொண்ட முறை எதுவும் கிடையாது. தொடர்ந்து தரக்கூடிய சக்தியைக் குறிக்கும் ஆர்.எம்.எஸ். எண்ணைப் பாருங்கள், அதையும் அளவோடு நம்புங்கள். வாட்ஸ் இரட்டிப்பானால் சத்தம் கூடுவது 3 டெசிபல். டெசிபல் என்பது சத்தத்தின் அளவு. காதுக்கு இரண்டு மடங்காகத் தோன்ற 10 டெசிபல், அதாவது பத்து மடங்கு வாட்ஸ் வேண்டும். 200-க்கும் 300-க்கும் நடுவே காது கண்டுபிடிக்கும் வித்தியாசம் ஏறக்குறைய இல்லை. ‘20 முதல் 200 ஹெர்ட்ஸ் வரை’ என்று மட்டும் போட்டிருந்தால் அது வெறும் பேச்சு. கூடவே ‘பிளஸ் மைனஸ் 3 டெசிபல்’ என்று இருந்தால்தான் அந்த எண்ணுக்குப் பொருள்.

இடம் பார்த்து வைப்பது

மூலையில் வைத்தால் சத்தம் கூடும், ரூம் மோட்களும் முழுசாகக் கிளம்பும். எந்த இடம் சரி என்று கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு, பார்க்கச் சிரிப்பாக இருந்தாலும் பலிக்கும். சோபாவை நகர்த்தி, நீங்கள் உட்காரும் இடத்தில் சப்வூஃபரை வையுங்கள். பேஸ் சுரங்கள் ஏறி இறங்கும் ஒரு பாட்டைத் திரும்பத் திரும்ப ஓடவிட்டு, சப்வூஃபர் வைக்க முடிந்த இடங்களுக்கெல்லாம் தவழ்ந்து போய் தரையோரம் காதை வைத்துக் கேளுங்கள். எல்லாச் சுரமும் ஒரே கனமாகக் கேட்கும் இடம் எதுவோ, அங்கே பெட்டி, பழைய இடத்தில் சோபா. சோபாவைப் பின்சுவரோடு ஒட்டாமல் ஓர் அடியாவது முன்னால் இழுத்தால் வீக்கம் கொஞ்சம் வடியும். அறையின் நட்ட நடுவும் வேண்டாம்.

அடுத்தது ஃபேஸ். ஸ்பீக்கரின் கோன் முன்னால் வரும் நேரத்தில் சப்வூஃபரின் கோன் பின்னால் போனால் இரண்டும் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். அதைச் சரிசெய்யும் சுவிட்ச் 0, 180 என்று இருக்கும். ஒருவர் சோபாவில் உட்கார, இன்னொருவர் 80 ஹெர்ட்ஸ் சத்தத்தை ஓடவிட்டு சுவிட்சைத் தட்டட்டும். சத்தம் எதில் கூடுதலோ அதில் விடுங்கள்.

ரிசீவரில் தானியங்கி அளவெடுப்பு இருக்கும். டெனானில் ஆடிஸி, யமஹாவில் ஒய்.பி.ஏ.ஓ. இதற்காக ரிசீவரோடு வரும் மைக்கை வைக்கும் முன் சீலிங் ஃபேனையும் ஏசியையும் நிறுத்துங்கள், அவற்றின் உறுமல் கணக்கைக் கெடுக்கும். சப்வூஃபரின் வால்யூம் திருகு பாதியில் இருக்கட்டும். முடிவில் சப்வூஃபர் அளவு மைனஸ் 12 என்று காட்டினால் ரிசீவர் தன் எல்லையில் முட்டி நிற்கிறது. திருகைக் குறைத்து மறுபடி ஓட்டுங்கள். தூரம் டேப்பில் அளந்ததைவிட அதிகமாகக் காட்டுவது பிழை ஆகாது. சப்வூஃபரின் உள்ளே இருக்கும் மின்சுற்று ஒலியைக் கொஞ்சம் தாமதிக்கிறது, அதையும் தூரமாகக் கணக்கிடுகிறது. மாற்றாதீர்கள். ஸ்பீக்கர்களை ‘லார்ஜ்’ என்று போட்டிருந்தால் ‘ஸ்மால்’ ஆக்குங்கள். உருவத்துக்கும் அதற்கும் தொடர்பில்லை, ‘பேஸை சப்வூஃபருக்கு அனுப்பு’ என்பதே அதன் அர்த்தம்.

உறுமலும் கடகடப்பும்

பாட்டு இல்லாதபோதும் ‘ம்ம்ம்’ என்று உறுமினால் அது பெரும்பாலும் மின்சார லைனின் 50 ஹெர்ட்ஸ், அல்லது அதன் இரட்டிப்பான 100. ரிசீவரையும் சப்வூஃபரையும் ஒரே எக்ஸ்டென்ஷன் போர்டில் செருகிப் பாருங்கள், பல வீடுகளில் அதிலேயே அடங்கும். அடங்காவிட்டால் டிவியின் கேபிள் ஒயரைக் கழற்றிப் பாருங்கள். மூன்று பின் பிளக்கின் எர்த் பின்னை உடைப்பது மட்டும் கூடாது. உறுமல் போகும், கூடவே ஷாக்கிலிருந்து காக்கும் வழியும் போகும். கரண்ட் போனபோது மட்டும் உறுமினால், காரணம் சீரான அலையாக இல்லாமல் சதுர அலையாக மின்சாரம் தரும் ஸ்குயர் வேவ் இன்வெர்ட்டராக இருக்கலாம்.

கடகடப்பைப் பெட்டியில் தேடாதீர்கள். செட்டோடு இணைத்த கைபேசியில் 20-லிருந்து 120 ஹெர்ட்ஸ் வரை மெதுவாக ஏறும் டோனை ஓடவிட்டு, ஹாலைச் சுற்றி ஒவ்வொரு பொருளாகக் கை வைத்துக்கொண்டே வாருங்கள். கை வைத்ததும் எது வாயை மூடுகிறதோ அதுதான். ஜன்னல் கதவின் கொக்கி, ஷோகேஸ் கண்ணாடி, ஸ்டீல் பீரோவின் கதவு, பரண்மேல் அடுக்கிய பாத்திரம்: இந்த நான்கைத் தாண்டிப் போக வேண்டியிருக்காது. கொக்கிக்கு ஒரு துண்டு சைக்கிள் ட்யூப், கண்ணாடிக்கு ஓரத்தில் ரப்பர் பட்டை, பீரோ கதவுக்கு ஃபெல்ட் போதும். பாத்திரத்தை வேறு அறைக்கு மாற்றிவிடுங்கள்.